பதினோரு மாத டீச்சரும் ஆறு மீட்டர் ஸ்கேலும்

இயற்பியல் துறையில் நான் லேப் அட்டெண்டர். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. துறைத் தலைவர்கள் நான்கு பேர் மாறிவிட்டார்கள், மின்விசிறி மூன்று முறை மாறிவிட்டது, நானும் என் சாவிக்கொத்தும் மட்டும் அப்படியே இருக்கிறோம். எங்களுடையது சின்னப் பல்கலைக்கழகம். இயற்பியலுக்கு ஒரே ஒரு மாடி. இரண்டு வகுப்பறை, ஒரு லேப், ஒரு இருட்டறை, தலைவருக்கு ஒரு அறை, ஆசிரியர்களுக்கு ஒரு அறை. நிரந்தர ஆசிரியர்கள் மூன்று பேர். இளங்கலை வகுப்புகளின் பாரத்தை இழுப்பதெல்லாம் தற்காலிகங்கள்தான்.

தற்காலிகம் என்றால் பதினோரு மாதம். பன்னிரண்டாவது மாதமும் கொடுத்துவிட்டால் வேலையில் ஏதோ உரிமை கேட்பார்கள் என்று அலுவலகத்தில் எவரோ எப்போதோ பயந்திருக்கிறார். ஆகவே பதினோரு மாதம் முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு மாதம் கழித்து இடம் இருந்தால் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதும் வகுப்பு தொடங்குவதற்கு முதல் நாள் சாயங்காலம்தான்.

வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே வருடத்தில் வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்த டீச்சர் மட்டும் ஏழு முறை வந்தார். அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயரே 'பதினோரு மாசம்'. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். ஒரு தடவை தொலைபேசியை எடுத்து, "ஆமா, பதினோரு மாசம்தான் பேசறேன், சொல்லுங்க" என்று அவரே சொன்னார். எதிர்ப்பக்கம் இருந்த குமாஸ்தா அன்றைக்கு முழுக்க டீ குடிக்க வெளியே வரவில்லை.

ஆசிரியர் அறையில் மூன்று மேசை, மூன்றிலும் பெயர்ப்பலகை. தற்காலிகத்துக்கு மேசை கிடையாது. டீச்சர் லேபில் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துதான் ரெக்கார்டு நோட்டு திருத்துவார். சாமான்கள் எல்லாம் ஒரு நீலப் பைக்குள். சாக்பீஸ் டப்பா, சொந்த டஸ்டர், ஒரு டம்ளர், ஒரு ஸ்டாப்வாட்ச். சாயங்காலம் மணி அடித்ததும் அத்தனையும் பைக்குள் போய்விடும். ஒரு பேனா மூடிகூட எங்கள் கட்டடத்தில் ராத்தங்காது. மூன்றாவது வருடமோ நான்காவதோ, மனசு கேட்காமல், என் அலமாரியில் ஒரு டிராயரைக் காலி செய்து கொடுத்தேன்.

"வேண்டாம்ணே," என்றார். "வச்சா எடுக்க வேண்டி வரும்."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்கு எல்லாமே சிரிப்பு. அவர் வகுப்பெடுக்கிற நாளில் சத்தம் வாசலில் இருக்கிற ஜெராக்ஸ் கடை வரைக்கும் கேட்கும். அந்தக் கடையில்தான் என் வீட்டுக்காரி வேலை பார்க்கிறாள். "இன்னைக்கு உங்க டீச்சர் என்னத்த உடைச்சாங்க?" என்று கேட்பாள். டீச்சர் எதையும் உடைப்பதில்லை. மாணவர்களை மாடிப்படியில் ஏறி இறங்க வைத்து மூச்சு வாங்கச் செய்து சக்தி என்றால் என்ன என்பார். அந்த நீலப் பையைக் கதவு நிலையில் கட்டித் தொங்கவிட்டு, இழுத்துத் தன் மூக்கு நுனியில் வைத்து, கையை விட்டுவிட்டு அசையாமல் நிற்பார். பை போய்த் திரும்பி வந்து மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் நிற்கும். பிள்ளைகள் அலறுவார்கள். 

அவருடைய கணவர் பஸ் ஓட்டுகிறவர். அவர் வண்டி எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். மத்தியானம் கடக்கும்போது இரண்டு தரம் ஹாரன் அடிப்பார். டீச்சர் பாடத்தை நிறுத்தாமல் ஜன்னல் பக்கம் கையை மட்டும் ஆட்டுவார். ஆறு வயதில் ஒரு மகள். பள்ளிக்கூடத்தில் உன் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, "பதினோரு மாசம் டீச்சர், ஒரு மாசம் அம்மா" என்று சொன்னாளாம். அந்த ஒரு மாதம் அவளுக்குத்தான் கொண்டாட்டம். டீச்சருக்கு அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் ஒவ்வொரு பதினோராவது மாதக் கடைசியிலும் அவர் ஒரு படிவத்தை என்னிடம் நீட்டுவார். லேப் பொருள் எதுவும் இவரிடம் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அவரை விடுவிப்பார்கள். ஆறு தரம் போட்டாயிற்று. வருடத்தில் அவர் சிரிக்காமல் இருந்தது நான் அதைப் போடும் அந்த ஒரு நிமிடம்தான்.

ஏழாவது வருடம் ஆரம்பத்திலேயே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது.

என் மேசைக்கு உள்பக்கம் ஒரு சிவப்பு அட்டை ஒட்டியிருப்பேன். எந்தப் பரிசோதனைக்கு என்ன விடை வர வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். தனி ஊசலா, ஒன்பது புள்ளி எட்டு. முப்பட்டகக் கண்ணாடியா, ஒன்று புள்ளி ஐந்து இரண்டு. பிள்ளைகள் மெதுவாக வந்து, "அண்ணே, எவ்வளவு வரணும்?" என்பார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். அவர்கள் போய் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவுகளை எழுதிக்கொள்வார்கள். அவர்களுக்கு மார்க், துறைக்கு நல்ல பெயர், எனக்கும் ஒரு மரியாதை. யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் இருந்தேன்.

ஒரு நாள் டீச்சர் நோட்டுக் கட்டோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார். "எல்லாருக்கும் ஒரே விடை வருதே, எப்படிண்ணே?" என்றார். நான் சாவிக்கொத்தைத் துடைத்தேன். அவர் குனிந்து மேசைக்கு உள்ளே பார்த்துவிட்டார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அட்டையைப் படித்து முடித்து, "கையெழுத்து நல்லாருக்கு" என்றார். பிறகு, தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் இனிமேல் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தப்பாக வந்தால் தப்பாகவே எழுதட்டும், எழுதினதற்கும் தேடினதற்கும் நான் மார்க் போடுகிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடத்துக்கு மேல் கட்டிக்காத்த ஒரு ஒழுங்கை, ஸ்டூலில் உட்கார்கிறவர் வந்து கலைக்கிறார் என்றுதான் பட்டது. ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மட்டும் தினமும் "சாப்டீங்களாண்ணே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் எவ்வளவு நாள்தான் ஒரு மனுஷன் உர்ரென்று இருக்க முடியும்.

அந்த வருடம்தான் மூன்று வருடப் பதவி ஒன்று வந்தது. தற்காலிகம்தான், ஆனால் இடையில் வீட்டுக்குப் போக வேண்டாம், மேசை உண்டு, பெயர்ப்பலகை உண்டு. ஒரே இடம். வெளியிலிருந்து இரண்டு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டும், துறைத் தலைவரும் வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ஒரு பேராசிரியையும் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அதன் அடியில் இன்னொரு வரி இருந்தது. இந்தப் பதவி நிரம்பியதும் பதினோரு மாத இடம் நீக்கப்படும். அதாவது டீச்சருக்கு இது கிடைக்காவிட்டால் எட்டாவது தடவை என்பதே இல்லை.

துறைத் தலைவர் கெட்டவர் இல்லை, கவலைக்காரர். மழை வந்தால் கூரை ஒழுகுமே என்பார், வராவிட்டால் தோட்டம் காயுமே என்பார். டீச்சரிடம், எது வேண்டுமானாலும் எடுங்கள், அந்த ஊசல் பரிசோதனையை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். காரணம் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் டீச்சரின் பிள்ளைகள் பதினெட்டு பேர், ஆறு குழுவாக, ஊசலில் புவியீர்ப்பை அளந்தார்கள். ஒருவருக்குக்கூட ஒன்பது புள்ளி எட்டு வரவில்லை. எல்லாம் பத்துக்கு மேல். கயிறு நீளமாக இருந்தால் பத்துக்குக் கொஞ்சம் மேல், குட்டையாக இருந்தால் இன்னும் மேல். ஸ்டாப்வாட்சை மாற்றினார்கள், நூலை மாற்றினார்கள், குண்டை அளந்து அதன் நடு வரைக்கும்தான் நீளம் எடுத்தோமா என்று மறுபடி சரிபார்த்தார்கள். திரும்பவும் அதேதான். பக்கத்து வகுப்பில், என் சிவப்பு அட்டையின் புண்ணியத்தில், எல்லாருக்கும் சுத்தமாக ஒன்பது புள்ளி எட்டு.

டீச்சர் அந்த ஊசலையே எடுத்துக்கொண்டார்.

"வேற எதுனாச்சும் எடுங்க டீச்சர். அந்த முப்பட்டகக் கண்ணாடி நல்லா வரும்," என்று நானும் சொன்னேன்.

"கண்ணாடிக்கு விடை எனக்குத் தெரியும்ணே. தெரிஞ்சதுக்கு நடிக்கணும். இதுல எங்க தப்புன்னு நெசமாவே தெரியல. நாங்க தேடுறத அவங்க பாக்கட்டுமே."

"வேல போயிரும்."

"போனா ஒங்க கையெழுத்து இருக்கே," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி ஏழு வருடமாக டீச்சரின் சான்றிதழ்களை நகல் எடுத்துக் கொடுத்தவள். அவர் எட்டாம் வகுப்பில் வாங்கிய மார்க்கைக்கூடத் தூக்கத்தில் சொல்வாள். "அந்தப் பொண்ணு பாவம். நீ சும்மா உக்காந்திருக்காம எதுனா செய்," என்றாள். அவள் சொன்னால் நான் செய்துவிடுவேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே.

வகுப்பு மத்தியானம் இரண்டு மணிக்கு. ஒன்றரைக்கே பிள்ளைகளை வராந்தாவில் மடக்கி, இன்றைக்கு ஒரு நாள் மட்டும், யாருக்கும் தெரியாமல், எல்லாரும் ஒன்பது புள்ளி எட்டு என்று எழுதிவிடுங்கள், டீச்சருக்கு வேலை நிற்கும் என்றேன். நான் 'கொக்கு' என்று கூப்பிடுகிற ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். அவள்தான் பதில் சொன்னாள்.

"வரலையேண்ணே."

"வரலன்னா என்ன, எழுது."

"மேடம் சிரிப்பாங்க. அப்புறம் அழுவாங்க. ரெண்டுமே எங்களால பாக்க முடியாது."

பதினெட்டு பேரும் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். என் ஆயுளில் விடை வேண்டாம் என்று சொன்ன முதல் கூட்டம் அதுதான்.

பேராசிரியை வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், கனமான கண்ணாடி. நல்ல நாற்காலி துடைத்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்து ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். துறைத் தலைவர் நேராக நோட்டுகளைப் புரட்டினார். அவர் கழுத்து மெல்லச் சிவந்தது.

"எல்லாருக்கும் பத்தத் தாண்டியிருக்கே. ஒம்போது புள்ளி எட்டு எங்க?"

"வரல சார்," என்றாள் கொக்கு.

"வரலன்னா?"

"அளந்தோம். வரல."

டீச்சர் முன்னால் வந்தார். போன வாரத்திலிருந்து தேடுகிறோம், எனக்கும் தெரியவில்லை, இன்றைக்கு எல்லாருடைய அளவுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்க்கப் போகிறோம் என்று சாதாரணமாகச் சொன்னார். துறைத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். பேராசிரியை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கரும்பலகையில் கீழ்க்கோட்டில் கயிற்றின் நீளம், நிமிர்ந்த கோட்டில் ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தின் வர்க்கம். ஆறு குழுவும் ஆறு நிறச் சாக்பீஸில் வந்து புள்ளி வைத்தார்கள். வைக்க வைக்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தப்பான அளவு என்றால் சிதறித்தானே கிடக்க வேண்டும்? இவை எறும்பு போகிற மாதிரி ஒரே வரிசையில் போயின. டீச்சர் ஒரு மீட்டர் ஸ்கேலை எடுத்துப் புள்ளிகளின் மேல் வைத்துக் கோடு இழுத்தார். அப்படியே கீழே, மூலையை நோக்கி நீட்டினார்.

"இது எங்க போய்ச் சேரணும்?"

"மூலைல மேடம். கயிறே இல்லன்னா ஆட்டமே இல்ல. ரெண்டும் சைபர்."

கோடு மூலைக்குப் போகவில்லை. அதற்கு முன்பே, கொஞ்சம் தள்ளி, கீழ்க்கோட்டில் இறங்கிவிட்டது. டீச்சர் கிட்டே போய்ப் பார்த்தார்.

"ரெண்டு," என்றார். "ரெண்டு சென்டிமீட்டர் கயிறு இருக்கு, ஆனா ஆட்டம் இல்ல. அப்படி ஒரு கயிறு உண்டா?"

பிள்ளைகள் பலகைக்குக் கிட்டே வந்து பார்த்தார்கள். பிறகு கொக்கு மெதுவாக, கயிறு இல்லை, நாம்தான் இருக்கிறதாக எழுதியிருக்கிறோம், எல்லாரும் இரண்டு சென்டிமீட்டர் கூட்டி எழுதியிருக்கிறோம் என்றாள். ஆறு குழுவும் ஒரே அளவு எப்படித் தப்பாக எழுதும் என்று டீச்சர் கேட்டார். எல்லாரும் யோசித்தார்கள்.

நான் யோசிக்கவில்லை. 'ரெண்டு' என்று அவர் சொன்னதுமே என் காது சூடாகிவிட்டது.

ஒன்பது வருடத்துக்கு முன், டீச்சர் வருவதற்கு முன்னால், ஒரு மழையில் லேப் சுவரோரம் தண்ணீர் இறங்கி, மூலையில் நிறுத்தி வைத்திருந்த மீட்டர் ஸ்கேல்கள் ஆறும் அடியில் ஊறிப் பிளந்துவிட்டன. புதிது கேட்டு எழுதினேன், வரவில்லை. சரி என்று நானே ரம்பத்தை எடுத்து, கெட்டுப்போன நுனியை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி வைத்தேன். நூறில் இரண்டு போனால் என்ன, தொண்ணூற்றெட்டு மிச்சம் இருக்கிறதே என்று நினைத்தேன். கெட்டது சைபர் பக்கம். அந்த ஸ்கேலில் பத்து, இருபது என்றுதான் எண் போட்டிருக்கும், நடுவில் வெறும் கோடு. யாருக்கும் கண்ணில் படவில்லை. பிள்ளைகள் நுனியை மேலே பிடித்து, குண்டு வரைக்கும் படித்து எழுதினார்கள். விடையை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னே எவன் கண்டுபிடிப்பான்?

வாயைத் திறக்காமல் நின்றிருக்கலாம். பல்கலைக்கழகச் சொத்தை அறுத்தவன் என்று எழுதி வைத்தால் என் சோற்றில் மண். ஆனால் டீச்சர் கையில் அந்த ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, வேலையையே மறந்துவிட்டு, புதிருக்கு விடை தேடும் சின்னப் பிள்ளை மாதிரி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்," என்றேன். "அது என் வேல. நான்தான் அறுத்தேன்."

எல்லாரும் திரும்பினார்கள். துறைத் தலைவர் என்னத்தை அறுத்தாய் என்று கேட்டார். முழுக்கச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கொக்கு ஸ்கேலைப் பிடுங்கி நுனியிலிருந்து பத்து வரைக்கும் விரல் வைத்து எண்ணினாள். எட்டுதான் இருந்தது. ஒவ்வொரு குழுவும் தன் தன் ஸ்கேலை எண்ணியது. எட்டு, எட்டு, எட்டு என்று ஏலம் விடுகிற மாதிரி லேப் முழுக்கக் குரல்.

முதலில் சிரித்தது பேராசிரியைதான். கண்ணாடி கழன்று மடியில் விழும் அளவுக்குச் சிரித்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஆறையும் எப்படி அறுத்தீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணா அடுக்கிக் கட்டி வச்சு அறுத்தேன்மா. மயிரிழை வித்தியாசம் இருக்காது."

"அதான். நீங்க ஏனோதானோன்னு அறுத்திருந்தா இந்தக் கோடு நேரா வந்திருக்காது. இவங்க கண்டே பிடிச்சிருக்க முடியாது."

இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி ஒரு பேராசிரியர் சொன்ன முதல் நல்ல வார்த்தை, நான் செய்த தப்புக்குக் கிடைத்தது.

இதற்கிடையில் கொக்கு கோட்டின் சாய்வை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டாள். ஸ்கேல் எங்கே ஆரம்பித்தாலும் சாய்வு மாறாதாம். ஒன்பது புள்ளி ஏழு ஒன்பது என்று அவள் படித்ததும் பதினெட்டு பேரும் மேசையைத் தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு ஹாரன். டீச்சர் இந்தத் தடவை கையை மட்டும் ஆட்டவில்லை. ஜன்னலுக்கு ஓடிப்போய் ஸ்கேலையே தூக்கி ஆட்டினார். பஸ்காரருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. மூன்றாவதாகவும் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

போகும்போது துறைத் தலைவர் வாசலில் நின்று, "அப்ப இத்தன வருஷமா எல்லாருக்கும் எப்படிய்யா ஒம்போது புள்ளி எட்டு வந்துச்சு?" என்று கேட்டார். அதுதான் சார் எனக்கும் விளங்கவில்லை என்றேன். டீச்சர் இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். அன்று சாயங்காலமே சிவப்பு அட்டையைப் பிய்த்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. நகல் எடுக்க டீச்சர் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனதால், துறைத் தலைவருக்கும் முன்பே படித்தவள் என் வீட்டுக்காரிதான். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு லேப் வரைக்கும் ஓடி வந்தாள். மூன்று வருடம். மூச்சு வாங்கிக்கொண்டு அதை மட்டும் மூன்று தரம் சொன்னாள்.

டீச்சர் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. "அப்ப என்னோட மாசம்?" என்று மகள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லையாம். விடுமுறை என்று ஒன்று இனி முறைப்படி உண்டு என்று பஸ்காரர் எடுத்துச் சொல்லிச் சமாதானம் செய்திருக்கிறார்.

டீச்சருக்கு ஆசிரியர் அறையில் ஜன்னல் ஓரம் மேசை போட்டாயிற்று, பெயர்ப்பலகையை நான்தான் ஆணியடித்தேன். முதல் நாள் சாயங்காலம் மணி அடித்தது. அவர் வழக்கம்போல டம்ளரைப் பைக்குள் வைத்தார். வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு எடுத்துத் தன் மேசை டிராயரில் வைத்து மூடி, "பாத்துக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு டம்ளருக்கு நான் சாவி போட்டது அன்றைக்குத்தான்.

புது ஸ்கேல்கள் வந்துவிட்டன. என் பழைய ஆறையும் தூக்கிப்போட டீச்சர் விடவில்லை. வருடா வருடம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஊசலுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டுமாம், ஏன் என்று நான் மூச்சு விடக் கூடாதாம். இதைவிடக் கஷ்டமான வேலையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. போன வாரம் ஒரு பையன், பத்து புள்ளி மூன்று வந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வந்தான்.

"அண்ணே, எவ்வளவு வரணும்?"

நான் கூரையைப் பார்த்தேன். லேபின் அந்தப் பக்கம் டீச்சர் நோட்டு திருத்துகிற சாக்கில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு எவ்வளவு வந்துச்சு?" என்றேன்.

"பத்து புள்ளி மூணு."

"அத எழுது. எழுதிட்டு, ஏன்னு தேடு."